கானா எழுந்தது எப்படி? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். இப்போது தோஹாவில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். என் அறையில் கூட இருப்பவர் கானா நாட்டுக்காரர். 2022 ஏப்ரலில் எங்கள் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதே வருசம் டிசம்பரில் அவருடைய நாடும் அறிவித்தது. சம்பளம் வந்த இரவுகளில் ஊருக்குக் காசு அனுப்பிவிட்டு இருவரும் இதைப் பற்றித்தான் கதைப்போம்.

1983இல் கானாவில் பெரும் பஞ்சமாம். அந்த வருசம்தான் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) திட்டமும் வந்திருக்கிறது. அவருடைய தாத்தா கோக்கோ விவசாயி. "அதற்குப் பிறகுதான் நாங்கள் மூச்சு விட்டோம்" என்று அவர் சொல்வாராம். நண்பரின் அம்மா கோக்கோ வாரியத்தில் தட்டச்சு வேலை பார்த்தவர். அந்த வேலை போய்விட்டது. "அந்த வருசங்களில்தான் நம் வீடு சரிந்தது" என்பது அம்மாவின் பேச்சு. ஒரே வீட்டுக்குள் இரண்டு கதை. இதில் எது சரி? ஐஎம்எஃப் அந்த நாட்டைக் காப்பாற்றியதா, கெடுத்ததா? காப்பாற்றியது என்றால் 2022இல் ஏன் மறுபடி விழுந்தார்கள்? எங்களுக்கும் இதுதான் நடக்குமோ என்ற பயத்தில் கேட்கிறேன்.

எஸ்., தோஹா

அன்புள்ள எஸ்.,

தாத்தா சொல்வதும் உண்மை, அம்மா சொல்வதும் உண்மை. மழுப்புவதற்காக இப்படிச் சொல்லவில்லை. 1983க்கு முந்தைய முப்பது வருடங்கள் தாத்தாவிடமிருந்து எடுத்துத்தான் அம்மாவைப் போன்றவர்களின் வேலைகளும், பள்ளிக்கூடங்களும், துறைமுகமும், அணையும் வந்தன. 1983க்குப் பிறகு கணக்கு திரும்பியது. அம்மாவின் பக்கத்தில் வெட்டி தாத்தாவின் பக்கம் கொஞ்சம் கொடுத்தார்கள். நாடு நிமிர்ந்தது. ஐஎம்எஃப் பணம் கொடுத்தது, நிபந்தனை போட்டது, அதன் பங்கு பெரியதுதான். ஆனால் கானா விழுந்ததையும் எழுந்ததையும் புரிந்துகொள்ள நான் பிடித்துக்கொண்டு போவது வேறொரு எண்ணை: கோக்கோ விளைவிப்பவருக்கு டன்னுக்கு என்ன கொள்முதல் விலை கிடைத்தது என்பதை.

கோக்கோ அந்த மண்ணின் பயிர் அல்ல. 1870களில் டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் பெர்னாண்டோ போ தீவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது விதை கொண்டுவந்து மாம்போங் ஊரில் நட்டார் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. 1911-ல் கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானா, உலகிலேயே அதிகமாகக் கோக்கோ விளைவிக்கும் நாடாகிவிட்டது. இதைச் செய்தவர்கள் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் இல்லை, சிறு விவசாயிகள். காட்டு நிலத்தைப் பணம் சேர்த்து வாங்கி, குடும்பத்தோடு குடிபெயர்ந்து, வாழைக்கு நடுவே கன்று வைத்து வளர்த்தவர்கள். எந்த அரசும் திட்டம் போட்டு இதைச் சாதிக்கவில்லை. 1937-38-ல் ஐரோப்பியக் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்கியபோது, ஒரு பருவம் முழுக்க விற்கமாட்டோம் என்று கோக்கோவைத் தேக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்த விவசாயிகள் இவர்கள். அவ்வளவு நெஞ்சுரம்.

அந்தக் கம்பெனிகளின் பிடியிலிருந்து விவசாயியைக் காப்பாற்ற என்று 1947-ல் கோக்கோ வாரியம் வந்தது. உலக விலை ஏறும்போது கொஞ்சம் பிடித்து வைத்து, இறங்கும்போது அதிலிருந்து கொடுப்பது என்பது ஏற்பாடு. பிடித்து வைத்தார்கள். கொடுப்பது குறைந்துகொண்டே போனது. 1954-ல், உலகச் சந்தையில் விலை உச்சத்தில் இருந்த நேரத்தில், பின்னாளில் சுதந்திர கானாவின் முதல் தலைவரான என்க்ருமாவின் அரசு கொள்முதல் விலையை 60 பவுண்டு எடைச் சுமைக்கு 72 ஷில்லிங் என்று சட்டம் போட்டு நிறுத்தியது. கோக்கோ வட்டாரத்தின் பெருநகரமான குமாசியில் பெரும் கலகம் மூண்டது. தேசிய விடுதலை இயக்கம் என்ற எதிர்க்கட்சியே அந்த ஆத்திரத்திலிருந்துதான் பிறந்தது.

என்க்ருமாவை நான் இதற்காக மட்டம் தட்டமாட்டேன். கோக்கோ பணம் அவர் கையில் டெமா துறைமுகமாக ஆனது, இலவசப் பள்ளிக் கல்வியாக ஆனது, அகோசோம்போ அணைக்குப் போனது. காலனி ஆட்சி விட்டுச்சென்ற நாட்டில் வேறு எங்கிருந்து முதல் திரட்ட முடியும் என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் எளிதான பதில் இல்லை. ஆனால் பால் கறந்துகொண்டே தீவனத்தைக் குறைத்தார்கள். கோக்கோ மரம் காய்க்க மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும், அப்புறம் இருபது முப்பது வருடம் காய்க்கும். அதனால் விலையைக் குறைத்த வருடமே விளைச்சல் குறையாது. 1950களில் நட்ட மரங்கள் 1964-65-ல் ஐந்தரை லட்சம் டன் அளவுக்குக் கொட்டிக் கொடுத்தன. ஆட்சியாளர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்தது. ஆனால் விவசாயி அப்போதே புதுக் கன்று வைப்பதை நிறுத்தத் தொடங்கியிருந்தார். உலக விலை 1965-ல் சரிந்தது. 1966 ஜனவரியில் அகோசோம்போ அணையைத் திறந்து வைத்த என்க்ருமா, அடுத்த மாதமே ஆட்சியை இழந்தார்.

அடுத்து வந்தவர்களில் பிரதமர் புசியாவின் அரசு செய்த இரண்டு காரியங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, 1969 நவம்பரில், உரிய தாள் இல்லாத அயல்நாட்டார் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என்று போட்ட உத்தரவு. கோக்கோத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்களில் பெரும்பகுதி நைஜீரியாவிலிருந்தும் வடக்கே உள்ள நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். லட்சக்கணக்கில் போய்விட்டார்கள், களை எடுக்க ஆள் இல்லை. இரண்டாவது, 1971 டிசம்பர் கடைசியில் கானாவின் நாணயமான செடியின் மதிப்பைப் பெருமளவு குறைத்தது. குறைக்க வேண்டிய தேவை இருந்தது உண்மை. ஆனால் மூன்று வாரம்கூட ஆகவில்லை, 1972 ஜனவரி 13-ல் அச்சாம்போங் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அந்த மதிப்புக் குறைப்பைப் பெருமளவு திருப்பியும் விட்டது. செடியில் கை வைத்தால் நாற்காலி போகும் என்ற பாடத்தைத் தலைநகர் அக்ராவில் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். அடுத்த பத்து வருடக் கேட்டுக்கு இந்தப் பயம்தான் வேர்.

1978-ல் டாலருக்கு 2.75 செடி என்று வைத்தவர்கள், 1983 வரை அதைத் தொடவே இல்லை. இடையில் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. 1982 வாக்கில் கள்ளச்சந்தையில் ஒரு டாலருக்கு அறுபது செடி வரை கொடுக்க வேண்டியிருந்தது. இதன் விளைவை ஒரு டன் கோக்கோவை வைத்துப் பாருங்கள். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், உங்களுக்கு உடனே பிடிபடும்.

உலகச் சந்தையில் அப்போது ஒரு டன் சுமார் 1,700 டாலர். வாரியம் விற்கிறது, டாலர் மத்திய வங்கிக்குப் போகிறது, 2.75 கணக்கில் வாரியத்துக்குக் கிடைப்பது ஐயாயிரம் செடிக்கும் குறைவு. ஆனால் விவசாயிக்கு வாரியம் கொடுக்க வேண்டிய கொள்முதல் விலை 12,000 செடி. அதற்கு முந்தைய வருடம்தான் தேர்தலில் வென்று வந்திருந்த லிமானின் அரசு அதை 4,000-லிருந்து மூன்று மடங்காக உயர்த்தியிருந்தது. ஆக, வாரியத்துக்கு ஒவ்வொரு டன்னிலும் ஏழாயிரம் செடிக்கு மேல் நஷ்டம். அந்த ஓட்டையை அடைக்க அரசு நோட்டு அச்சடிக்கிறது. சரி, விவசாயியாவது பிழைத்தாரா? அவர் கையில் உள்ள 12,000 செடியைக் கொண்டு கடைத்தெருவுக்குப் போனால், அங்கே சோப்பும் மண்ணெண்ணெயும் வெட்டுக்கத்தியும் கள்ளச்சந்தை டாலரின் கணக்கில்தான் விற்கின்றன. அந்தக் கணக்கில் அவருக்குக் கிடைத்தது 200 டாலர். 1,700 டாலர் சரக்கைக் கொடுத்தவருக்கு 200 டாலர். வாரியமும் நஷ்டம், விவசாயியும் நஷ்டம், கஜானாவும் காலி.

அப்படியானால் மீதி எங்கே போனது? மத்திய வங்கியிலிருந்து 2.75-க்கு டாலர் வாங்கும் உரிமம் யாரிடம் இருந்ததோ அவர்களிடம் போனது. இறக்குமதி லைசென்ஸ் ஒரு காகிதம். அதிகாரியின், தளபதியின் கையெழுத்து இருந்தால் கிடைக்கும். பால் டின்னோ மீன் டின்னோ இறக்கி இருபது மடங்கு விலைக்கு விற்கலாம். இறக்கக்கூட வேண்டாம், அந்தக் காகிதத்தையே விற்றுவிடலாம். இந்தக் கொள்ளைக்கு மக்கள் வைத்த பெயர் கலபுலே.

இதில் என்னை மிகவும் வருத்துவது மகோலா சந்தை. 1979 ஜூனில் விமானப்படை அதிகாரி ராலிங்ஸும் இளம் ராணுவத்தினரும் ஆட்சியைப் பிடித்ததும் பதுக்கல்காரர்களைத் தேடினார்கள். முன்னாள் ஆட்சித் தலைவர்கள் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு கோபம் முழுக்க அக்ராவின் சந்தைப் பெண்கள் மேல் திரும்பியது. விலை ஏற்றி விற்றதாகச் சொல்லிப் பெண்களைப் பொது இடத்தில் சவுக்கால் அடித்தார்கள். ஆகஸ்டில் மகோலா முதலாம் எண் சந்தையையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். துணியும் தக்காளியும் விற்றுக் குடும்பம் நடத்திய பெண்களுக்கு எந்தத் தளபதியும் 2.75-க்கு டாலர் கொடுக்கவில்லை. விலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள், அவ்வளவுதான். சந்தையை இடித்ததால் ஒரு டின் பால்கூடக் கூடுதலாக வரவில்லை.

விவசாயி என்ன செய்தார்? எல்லை தாண்டினார். மேற்கே ஐவரி கோஸ்ட், கிழக்கே டோகோ. இரண்டு நாடுகளிலும் புழங்கியது பிரான்சோடு பிணைக்கப்பட்ட சிஎஃப்ஏ பிராங்க், அதற்கு எங்கும் சரக்கு கிடைக்கும். இரவில் தலைச்சுமையாக மூட்டைகள் போயின. கள்ளக்கடத்தலுக்கு மரண தண்டனை வரை சட்டம் போட்டும் நிற்கவில்லை. இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1977-ல் கோக்கோவின் உலக விலை அதுவரை கண்டிராத உச்சத்துக்குப் போனது. உலகின் கோக்கோத் தலைநகரம் என்று பேர் வாங்கிய நாடு அந்த வருடத்தைக் கோட்டை விட்டது. பறிக்க வேண்டிய காயே மரத்தில் குறைந்துவிட்டிருந்தது, பறித்ததிலும் ஒரு பங்கு எல்லைக்கு அப்பால் போயிருந்தது. 1977-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பரின் வீட்டில் பேசப்படும் 1983-ல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. மழை பொய்த்தது. காய்ந்த காட்டில் தீ பரவி, கோக்கோத் தோட்டங்கள் எரிந்து கருகின. அகோசோம்போ அணையின் வோல்டா ஏரியில் தண்ணீர் இறங்கி மின்சாரம் குறைந்தது. எண்ணெய் விலை சரிந்து தானே திண்டாடிக்கொண்டிருந்த நைஜீரியா, ஜனவரியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கானாக்காரர்களை வெளியேறச் சொன்னது. அவர்கள் சாமான்களைத் திணித்துக்கொண்டு வந்த கட்டம் போட்ட பிளாஸ்டிக் பைக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் 'கானா மஸ்ட் கோ' என்றுதான் பேர். அந்தப் பை நம் ரயில் நிலையங்களிலும் உண்டு. ஒன்றேகால் கோடிக்குள் இருந்த மக்கள்தொகையில் திடீரென்று பத்து லட்சம் வயிறுகள் கூடின. மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்துச் செய்யும் கென்கே உருண்டைக்கு விடியுமுன் வரிசை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றதை 'ராலிங்ஸ் சங்கிலி' என்றார்கள். விலைவாசி அந்த வருடம் 123 சதவீதம் ஏறியது. 1983-84 பருவத்தில் கோக்கோ விளைச்சல் 1,59,000 டன். ஐந்தரை லட்சத்திலிருந்து இங்கே.

1981 கடைசி நாளில் இரண்டாம் முறை ஆட்சியைப் பிடித்திருந்த ராலிங்ஸ் இடதுசாரி. அவருடைய நிதியமைச்சர் குவேசி போட்ச்வே, பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த மார்க்சியர். முதலில் சோவியத் தரப்பிடம் உதவி கேட்டுப் பார்த்தார்கள், போதுமான அளவு கிடைக்கவில்லை. 1983 ஏப்ரல் வரவுசெலவுத் திட்டத்தில் போட்ச்வே பொருளாதார மீட்புத் திட்டத்தை அறிவித்தார். ஐஎம்எஃப்பும் உலக வங்கியும் பின்னால் நின்றன. ஐந்து வருடமாக யாரும் தொடத் துணியாத செடியின் மதிப்பைத் தொட்டார்கள். 2.75 என்பது அந்த வருடக் கடைசிக்குள் 30, 1986 தொடக்கத்தில் 90, அப்புறம் ஏலத்தில் சந்தையே தீர்மானிக்கும்படி விட்டுவிட்டார்கள். கூடவே கோக்கோவின் கொள்முதல் விலையையும் ஏற்றிக்கொண்டே வந்தார்கள். 12,000 என்பது 20,000 ஆகி, 30,000 ஆகி, எண்பதுகளின் முடிவில் ஒன்றரை லட்சம் செடியைத் தாண்டியது. இதில் பணவீக்கத்தின் பங்கைக் கழித்தாலும் உண்மையான உயர்வு பெரியது. முக்கியமாக, அந்தப் பணத்துக்குக் கடையில் பொருள் இருந்தது. வெட்டுக்கத்தி இருந்தது, பூச்சிமருந்து தெளிப்பான் இருந்தது, கூரைக்குத் தகரம் இருந்தது. டாலருக்கு ஒரே விலை வந்த பிறகு லைசென்ஸ் காகிதத்துக்கு மதிப்பில்லாமல் போனது. கலபுலேயை மகோலாவில் விழுந்த சவுக்கடி ஒழிக்கவில்லை, இதுதான் ஒழித்தது.

எல்லைக்குப் போன மூட்டைகள் திரும்பி வாரியத்தின் தராசுக்கு வந்தன. புதிய கன்றுகள் நடப்பட்டன. 1984-ல் மழையும் கைகொடுத்தது, பொருளாதாரம் 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அடுத்த வருடம் பணவீக்கம் பத்து சதவீதம் அளவுக்கு இறங்கியது. கோக்கோ விளைச்சல் எண்பதுகளின் கடைசியில் மூன்று லட்சம் டன்னைத் தொட்டது. தாத்தா மூச்சு விட்டது இங்கேதான். அவருடைய பேச்சில் மிகை இல்லை.

இனி அம்மா. கோக்கோ வாரியத்தில் அந்தக் காலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். ஆளே இல்லாமல் பேர் மட்டும் இருந்தவை பல ஆயிரம். அவற்றை நீக்கியது சரி. ஆனால் உயிரோடு இருந்து, தினமும் வேலைக்கு வந்தவர்களும் பல்லாயிரக்கணக்கில் வெளியே அனுப்பப்பட்டார்கள். மாற்று வேலைக்கான பயிற்சி, விவசாயத்துக்குத் திரும்ப உதவி என்றெல்லாம் காகிதத்தில் இருந்தது. சீர்திருத்தத்தின் சுமையைத் தணிக்கும் திட்டம் என்று ஒன்றை 1987-ல்தான் தொடங்கினார்கள். அதற்குள் வேலை போனவர்களின் பிள்ளைகள் பள்ளியை விட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் 1985 முதல் கட்டணம் வந்தது. 'கேஷ் அண்ட் கேரி' என்று மக்கள் சொன்னார்கள், முதலில் காசு, அப்புறம்தான் ஊசி. காசைத் தேடி உறவினர்கள் ஓடிக்கொண்டிருக்க, நோயாளி காத்துக் கிடப்பது வழக்கமான காட்சியானது. மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 2003-ல் வரும்வரை இதற்கு முடிவில்லை. நாட்டின் கணக்கு நேரானதற்கு இவர்கள் கொடுத்த விலை இது. இதைத் தவிர்த்திருக்க முடியும் என்றே நான் நம்புகிறேன். செடியைத் திருத்தியதும் கொள்முதல் விலையை ஏற்றியதும் நாட்டைத் தூக்கி நிறுத்தின. பிரசவத்துக்கு வந்தவளிடம் முன்பணம் கேட்டது எந்த வகையிலும் கோக்கோவை வளர்க்கவில்லை.

வடக்கு கானாவை இரண்டு கதையிலும் காணோம். அங்கே கோக்கோ வளராது. உரத்துக்கு இருந்த மானியம் மட்டும் போனது. நாடு முழுவதும் வறுமை 1991-92-ல் 51.7 சதவீதமாக இருந்து 2005-06-ல் 28.5 ஆகக் குறைந்தது, இது ஆப்பிரிக்காவில் பெரிய சாதனை. ஆனால் வடக்கில் இறக்கம் மிக மெதுவாகத்தான் நடந்தது. இன்றும் குமாசி, அக்ரா சந்தைகளில் தலைச்சுமை தூக்கும் இளம்பெண்களில் பெரும்பாலோர் வடக்கிலிருந்து வந்தவர்கள்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இது சர்வாதிகாரத்தின் கீழ் நடந்த மீட்பு. 1982-ல் உயர்நீதிமன்ற நீதிபதிகள் மூன்று பேரைக் கடத்திக் கொன்ற காலம் அது. அம்மாவால் தெருவில் இறங்கி என் வேலை எங்கே என்று கேட்டிருக்க முடியாது. தேர்தல் 1992-ல்தான் வந்தது. 1995-ல் 17.5 சதவீத மதிப்புக்கூட்டு வரி போட்டபோது அக்ராவில் மக்கள் திரண்டார்கள், சுடப்பட்டுச் சிலர் இறந்தார்கள், ஆனால் அரசு வரியைத் திரும்பப் பெற்றது. மூன்று வருடம் கழித்து 10 சதவீதமாக, விளக்கிச் சொல்லி, மறுபடி கொண்டுவந்தார்கள். அது நிலைத்தது. கேள்வி கேட்க வாய் இருந்தால் சீர்திருத்தமே நடக்காது என்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

2000-க்குப் பிந்தைய வருடங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். மிக ஏழை நாடுகளுக்கான திட்டத்தில் பெரும்பகுதிக் கடன் தள்ளுபடியானது. 2007-ல் கடலில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். அதே வருடம் முதல் முறையாக வெளிநாட்டுச் சந்தையில் டாலர் பத்திரம் விற்றுக் கடன் வாங்கினார்கள். அதன்பிறகு வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தேர்தல் வருடமும் செலவு எகிறியது. 2022-ல் உலக வட்டி ஏறியபோது புதுக் கடன் கிடைக்கவில்லை. டிசம்பரில் பணவீக்கம் 54 சதவீதம். வெளிக்கடனில் பெரும்பகுதியைக் கட்டுவதை நிறுத்தினார்கள். 2023 மேயில் 300 கோடி டாலருக்கு ஐஎம்எஃப் ஒப்பந்தம், சுதந்திரத்துக்குப் பிறகு பதினேழாவது. மீட்புத் திட்டத்தின் சிற்பியான போட்ச்வே அதற்குச் சில மாதம் முன்பு, 2022 நவம்பரில்தான் காலமாகியிருந்தார்.

ஆனால் இம்முறை ஒரு வித்தியாசம். உள்நாட்டுக் கடன் பத்திரங்களையும் குறைந்த வட்டிக்கு மாற்றுவோம் என்று அரசு சொன்னபோது, வாழ்நாள் சேமிப்பைப் பத்திரத்தில் போட்டிருந்த ஓய்வூதியர்கள் 2023 பிப்ரவரியில் நிதியமைச்சக வாசலுக்கு வந்து நின்றார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சோஃபியா அக்குஃபோவும் அவர்களோடு வந்து சேர்ந்துகொண்டார். கடைசியில் அவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. உங்கள் நாட்டில் அதே வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமை பெரிதாக விழுந்தது ஊழியர் சேமலாப நிதியின் மேல். தொழிற்சாலைப் பெண்ணின் சேமிப்பும் தோட்டத் தொழிலாளியின் சேமிப்பும் அதில்தான் இருக்கிறது. உங்கள் பயத்துக்கு நான் தரக்கூடிய பதில் இதுதான். ஐஎம்எஃப் வருமா போகுமா என்பதைக் காட்டிலும், சுமையைப் பங்கு போடும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், வாசலில் நிற்க யாருக்குத் தெம்பு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 2021-ல் ஒரே அறிவிப்பில் ரசாயன உரத்தைத் தடை செய்து உங்கள் நெல் விவசாயியை முடக்கியபோதும் அந்த மேசையில் அவர் இல்லை.

ஏன் மறுபடி விழுந்தார்கள் என்று கேட்டீர்கள். கடன் முதல் காரணம். ஆனால் தாத்தாவின் தோட்டத்திலும் பழைய கதை திரும்பியிருந்தது. 2020-21-ல் கோக்கோ விளைச்சல் பத்து லட்சம் டன்னைத் தாண்டியது. 2023-24-ல் அதில் பாதி அளவுதான். மரங்களைத் தாக்கும் தண்டு வீக்க வைரஸ் நோய், வயதான மரங்கள், ஒழுங்கற்ற மழை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கலம்சே எனப்படும் கள்ளத் தங்கச் சுரங்கம். தங்க விலை ஏறியதும் சுரங்கக்காரர் மொத்தமாகப் பணம் நீட்டுகிறார், விவசாயி தோட்டத்தைக் கொடுத்துவிடுகிறார். மண் புரட்டப்பட்டு பாதரசம் கலந்த குழியாகிறது. பிரா ஆறு பழுப்பாக ஓடுகிறது. அங்கே இனி கோக்கோ எளிதில் வராது.

அந்த நேரத்தில்தான் உலக விலை ஏறியது. 2024-ல் டன் 10,000 டாலரைத் தாண்டியது. 1977-ன் உச்சத்தையும் கடந்துவிட்டது. கானாவின் வாரியமோ வழக்கம்போல் விளைச்சலின் பெரும்பகுதியை முன்கூட்டியே பழைய குறைந்த விலைக்கு விற்றிருந்தது. ஏப்ரலில் கொள்முதல் விலையை 20,928 செடியிலிருந்து 33,120-க்கு உயர்த்தினார்கள். அன்றைய மதிப்பில் அது 2,500 டாலர்கூட இல்லை. அண்டை நாடுகளில் வியாபாரிகள் இதைவிட அதிகம் கொடுத்தார்கள். மூட்டைகள் மறுபடி எல்லை தாண்டின. நாற்பத்தேழு வருடம் கழித்து அதே வாய்ப்பு வந்தது, அதே மாதிரி நழுவியது. தெரிந்த வியாதி, தெரிந்த மருந்து, மறுபடி அதே இடத்தில் படுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2025-ல் நிலைமை தேறியது. தங்க விலை உயர்வால் டாலர் வந்தது, செடி வலுவடைந்தது, பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ஆகஸ்டில் கொள்முதல் விலையை 51,660 செடியாக அறிவித்தபோது, ஏற்றுமதி விலையில் 70 சதவீதம் விவசாயிக்கு என்று அரசு கணக்குக் காட்டியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே வருடம் உலக விலை உச்சத்திலிருந்து வேகமாக இறங்கவும் தொடங்கியது. வாரியத்தின் தலையில் பெரும் கடன் இருக்கிறது. விலை ஏறும்போது பங்கு கொடுப்பதாகச் சொன்னவர்கள், இறங்கும்போது அந்த நட்டத்தை யார் தலையில் கட்டுவார்கள் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். 1947-ல் வாரியத்தை அமைத்ததே அந்த ஒரு வேலைக்குத்தான்.

அன்புடன்